மணல் மேல் கதவணை, திரையில் கசிவு: சீப்/டபிள்யூ மென்பொருள் மதிப்புரை

ஆற்று மணலின் மேல் தளம் போட்டுக் கட்டிய கதவணையில் தண்ணீரைத் தேக்கியதும் கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு காரியங்கள் தொடங்குகின்றன. தளத்துக்கு அடியில் ஊர்ந்து போகும் தண்ணீர் கான்கிரீட்டை மேலே தள்ளுகிறது. தளம் முடியும் இடத்தில் அதே தண்ணீர் வெளியே வரும்போது மணலைத் தூக்கிக்கொண்டு வரப் பார்க்கிறது. முதலாவது மேல்நோக்கு அழுத்தம். தளத்தின் கனத்தை (தடிமனை) அது முடிவு செய்கிறது. இரண்டாவது எக்ஸிட் கிரேடியன்ட், அதாவது தண்ணீர் வெளியேறும் இடத்தில் மீட்டருக்கு எவ்வளவு நீர் உயரம் இழக்கப்படுகிறது என்ற விகிதம். கடைசி ஷீட் பைலின் (மண்ணுக்குள் சுவர்போல இறக்கும் தகடு வரிசை) ஆழத்தை அது முடிவு செய்கிறது. இந்த இரண்டையும் கணக்கிட வடிவமைப்பு அலுவலகங்களிலும் முதுநிலை மாணவர்களிடமும் பரவலாகப் புழங்கும் மென்பொருள் ஜியோஸ்டூடியோ தொகுப்பின் சீப்/டபிள்யூ. கனடாவின் கால்கரியில் பிறந்த இந்தத் தொகுப்பை 2019-ல் சீக்வென்ட் வாங்கியது, 2021-ல் சீக்வென்ட்டையே பென்ட்லி வாங்கியது. மண் அணைகளுக்காக இதைப் பாராட்டி எழுதியவை ஏராளம். இங்கே பார்ப்பது கதவணைத் தளத்துக்கு இது எப்படி உழைக்கிறது என்பதை மட்டும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மென்பொருள் நல்லது, கணக்கு நேர்மையானது. ஆனால் தளத்தின் அடியழுத்தத்தைச் சூத்திரத்தால் கணக்கிடும் கோஸ்லா முறையைக் கையால் ஒரு முறையேனும் போட்டுப் பார்க்காதவர் கையில் இது ஆபத்தானது. வண்ணக் கோடுகள் அழகாக விழுந்தாலே விடை சரி என்ற எண்ணத்தை அது தந்துவிடும்.

சோதித்துப் பார்க்க ஓர் எளிய அமைப்பு போதும். 24 மீ நீளத் தளம், கீழ்முனையில் 4 மீ ஆழ ஷீட் பைல், மேல்புறமும் கீழ்புறமும் நீர்மட்ட வேறுபாடு 4 மீ. மண் எல்லாத் திசையிலும் ஒரே சீரானது என்று வையுங்கள். கோஸ்லா கணக்கில் தள நீளத்தைப் பைல் ஆழத்தால் வகுத்தால் 6. அதன் வர்க்கத்தோடு 1 கூட்டி வர்க்கமூலம் எடுத்து, இன்னொரு 1 கூட்டிப் பாதியாக்கினால் லாம்டா 3.54. நீர்மட்ட வேறுபாட்டைப் பைல் ஆழத்தாலும், 3.1416-ஆலும், லாம்டாவின் வர்க்கமூலத்தாலும் வகுத்தால் எக்ஸிட் கிரேடியன்ட் 0.169, அதாவது ஏறத்தாழ 5.9-ல் 1. பைலின் உட்பக்கம் தளத்தோடு சேரும் புள்ளியில் அழுத்தம் நீர்மட்ட வேறுபாட்டில் 35.7 சதவீதம், அதாவது 1.43 மீ. பைலின் நுனியில் 24.5 சதவீதம். இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் மென்பொருளைத் திறக்க வேண்டும்.

இதே அமைப்பைப் பொறியாளர் பிளையின் (Bligh) 1910-ஆம் ஆண்டு ஊர்வழிக் கோட்பாட்டில் (தண்ணீர் ஊரும் வழியின் நீளத்துக்கு ஏற்ப அழுத்தம் சீராகக் குறையும் என்பது) போட்டால் அதே புள்ளியில் 1.0 மீ தான் வரும். செங்குத்து வழியையும் கிடைமட்ட வழியையும் அவர் ஒரே மதிப்பாக எடுத்துக்கொண்டதால், 32 மீ வழியில் (தளம் 24, பைலின் இரு பக்கமும் 4, 4) 24 மீ கடந்ததும் முக்கால் பங்கு ஹெட் (நீர் உயரமாகச் சொல்லும் அழுத்தம்) தீர்ந்துவிட்டதாகக் கணக்கு சொல்கிறது. 0.43 மீ குறைவு என்பது தளத்தின் கனத்தில் ஒன்றரை சாணுக்கு மேல். பஞ்சாபின் மேல் செனாப் கால்வாயின் சைஃபன்களில் (அடியில் தண்ணீரைக் கொண்டுசெல்லும் கட்டமைப்புகள்) 1926-27-ல் வந்த தொல்லைகளை ஆராய்ந்தபோதுதான் அந்தக் கோட்பாட்டின் ஓட்டை வெளிப்பட்டது. அழுத்தக் குழாய் பதித்து அளந்தார்கள். 1936-ல் கோஸ்லா, போஸ், டெய்லர் மூவரும் எழுதிய வெளியீடு வந்தது. அமெரிக்கப் பொறியாளர் லேன் 1935-ல் 200-க்கும் மேற்பட்ட அணைகளைப் பார்த்துக் கிடைமட்ட வழிக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்புதான் என்றார். அந்த மூன்றில் ஒன்றைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

படம் வரைவதில் சீப்/டபிள்யூவுக்கு முழு மதிப்பெண். மண்ணை ஒரு ரீஜனாக (மூடிய பரப்பாக) வரைந்து, மேல்புறப் படுகைக் கோட்டுக்கு ஒரு டோட்டல் ஹெட் (மட்டமும் அழுத்த உயரமும் சேர்ந்தது), கீழ்புறப் படுகைக்கு இன்னொரு டோட்டல் ஹெட் கொடுத்தால் வேலை பெரும்பாலும் முடிந்தது. எதுவும் கொடுக்காத விளிம்பைத் தண்ணீர் புகாத விளிம்பாக அதுவே எடுத்துக்கொள்ளும். அதனால் கான்கிரீட் தளத்தை வரையவே தேவையில்லை. தளத்தின் அடிக்கோட்டை வெறுமனே விட்டால் போதும். புதியவர்கள் கான்கிரீட்டையும் ஒரு பொருளாக வரைந்து அதற்குப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கடத்துதிறன் (தண்ணீரைக் கடத்தும் அளவு) கொடுத்து எண் கணக்கைக் குழப்பிக்கொள்கிறார்கள். டோட்டல் ஹெட்டுக்குப் பதில் பிரஷர் ஹெட்டை (அழுத்த உயரத்தை மட்டும்) எடுத்துவிடுவது இன்னொரு பிழை. படுகை சமமாக இருந்து அதன் மட்டமே பூஜ்யமாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான், பிழை ஒளிந்துகொள்ளும். படுகையில் ஒரு சரிவோ படியோ வந்த அன்று வெளிப்படும்.

தளத்துக்கு அடியில் எல்லாம் நீர் நிறைந்த மண். எனவே பொருள் வகையில் சாச்சுரேட்டட் ஒன்லி போதும். கணக்கு நேரே தீர்ந்துவிடும். நீர் நிறையாத மண்ணுக்கான வளைகோடுகளைத் தேடி எடுத்துப் பொருத்துவது இங்கே வீண் வேலை.

ஷீட் பைலுக்கு 10 செ.மீ. அகல ரீஜன் வரையாதீர்கள். அந்த ஒல்லியான பட்டைக்காக, மண்ணைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் கணக்கு வலை முழுவதும் நொறுங்கிவிடும். ஒரு கோடு போட்டு அதற்கு இன்டர்ஃபேஸ் பொருள் கொடுப்பதே சரியான வழி. பைலின் பூட்டுகள் வழியே கொஞ்சம் கசியும் என்று நினைத்தால் அந்தக் கசிவையும் அங்கேயே எண்ணாகக் கொடுக்கலாம். கோஸ்லா சூத்திரத்தில் பைல் என்றால் சொட்டுக்கூடப் புகாத சுவர்தான். இந்த இடத்தில் மென்பொருள் ஒரு படி மேலே நிற்கிறது.

மண்ணை எவ்வளவு தூரத்துக்கு வரைவது? கோஸ்லா சூத்திரம் முடிவில்லாத ஆழத்துக்கானது. ஒப்பிட வேண்டுமானால் பக்கவாட்டிலும் ஆழத்திலும் தளத்தின் இரு மடங்கு, அதாவது 48 மீ வரையாவது விடுங்கள். பிறகு இரட்டிப்பாக்கிப் பாருங்கள். விடை நகரவில்லை என்றால் போதுமானது. பைலை எடுத்துவிட்டு வெறும் தளத்தை ஓட்டுவது இன்னும் கறாரான சோதனை. சமச்சீரால் தளத்தின் நடுவில் சரியாக 50 சதவீதம் வந்தே ஆக வேண்டும். கால் பங்கு தூரங்களில், ஆழமான மண்ணில், 66.7-ம் 33.3-ம் வர வேண்டும். பிளையின் நேர்க்கோட்டில் அங்கே 75-ம் 25-ம் வரும். நடுவில் 50 வராவிட்டால் மாதிரி எங்கோ தப்பாக வரையப்பட்டிருக்கிறது, மேலே போக வேண்டாம்.

இனி எக்ஸிட் கிரேடியன்ட். தவறுகள் அதிகம் குவியும் இடம் இதுதான்.

கீழ்முனையில் பைல் இல்லாத தளத்தில் எக்ஸிட் கிரேடியன்ட் கோட்பாட்டின்படி முடிவிலி. மென்பொருள் முடிவிலியைக் காட்டாது. அந்த மூலையில் உள்ள கட்டத்தின் சராசரியைக் காட்டும். 1 மீ கட்டம் போட்டால் ஒரு எண், அரை மீட்டர் போட்டால் அதைவிடப் பெரிய எண், கால் மீட்டரில் இன்னும் பெரிது. பெரிய கட்டம் போட்டவரின் அறிக்கையில் கட்டமைப்பு பத்திரமாக இருக்கும், சின்னக் கட்டம் போட்டவரின் அறிக்கையில் இடிந்துவிடும். இரண்டு எண்ணுக்கும் பொருள் இல்லை. கீழ்முனையில் பைல் கட்டாயம் என்பதுதான் அதற்குப் பொருள்.

பைல் இருந்தால் நடப்பது தலைகீழ். நம் எடுத்துக்காட்டில் பைல் நுனியில் மிச்சம் 24.5 சதவீதம், 0.98 மீ. அது 4 மீ உயரம் ஏறி வெளியே வருகிறது, சராசரி 0.245. ஆனால் மேற்பரப்பில் உண்மையான மதிப்பு 0.169 தான், ஏனென்றால் நுனிக்குப் பக்கத்தில்தான் இழப்பு மிகுதி. ஆகவே பெரிய கட்டம் கூடுதலாகக் காட்டும், கட்டம் சிறுக்கச் சிறுக்க 0.169-ஐ நோக்கி இறங்கி நிற்கும். பைல் ஓரமாக, வெளியேறும் புள்ளியில் கட்டத்தை 0.25 மீ அளவுக்குக் குறைத்து, மேற்பரப்புக்குக் கீழே கால் மீட்டர், அரை மீட்டரில் டோட்டல் ஹெட்டைப் படித்து நீங்களே வகுத்துப் பாருங்கள். வண்ணப் படத்தின் உச்ச மதிப்பை அப்படியே அறிக்கையில் எழுதுவதைவிட இது நம்பகமானது. அந்த உச்சம் பெரும்பாலும் பைல் நுனியில் இருக்கும், வெளியேறும் இடத்தில் அல்ல.

0.169 போதுமா? பொடி மணலுக்கு 6 முதல் 7-ல் 1, பருமணலுக்கு 5 முதல் 6-ல் 1, கூழாங்கல்லுக்கு 4 முதல் 5-ல் 1 என்பதுதான் வழக்கமான அனுமதி. பருமணலில் தேறும், பொடி மணலில் தேறாது. பைலை 5 மீட்டராக்கினால் 0.148, அதாவது 6.75-ல் 1, பொடி மணலுக்கும் ஒத்துவருகிறது. ஆனால் உடனே தளத்தைப் பாருங்கள்: பைலின் உட்பக்க அழுத்தம் 35.7-லிருந்து 39.6 சதவீதமாக ஏறிவிட்டது, 1.58 மீ. தளத்தின் கனம் 1.15 மீட்டரிலிருந்து 1.28 மீட்டராகிறது. கீழ்ப் பைலை ஆழமாக்குவது மணலைக் காக்கும், தளத்தைச் சுமையாக்கும். இந்த இழுபறியைப் பத்து நிமிடத்தில் பல ஆழங்களுக்கு ஓட்டிப் பார்க்க முடிவதுதான் மென்பொருளின் அன்றாடப் பயன். மேல்முனைப் பைலையும் சேர்த்தால் கோஸ்லாவில் பரஸ்பரத் திருத்தம் (ஒரு பைல் மற்றொன்றின் அழுத்தத்தை மாற்றுவதற்கானது) போட வேண்டும். 3 மீ மேல்பைலுக்கு நம் புள்ளியில் அது 2 சதவீதத்தைக் குறைக்கும். மென்பொருளில் திருத்தமே கிடையாது, முழு அமைப்பையும் ஒரே மூச்சில் தீர்க்கிறது. தளத்தின் கனத்துக்கான திருத்தமும் சரிவுக்கான திருத்தமும் அப்படியே மறைந்துவிடுகின்றன.

கனம் என்றவுடன் ஒரு எச்சரிக்கை. கையில் போடும் சூத்திரத்தில் ஹெட்டைத் தளத்தின் மேற்பரப்பிலிருந்து அளந்து 1.24-ஆல் வகுக்கிறோம், கான்கிரீட்டின் அடர்த்தி 2.24-லிருந்து தண்ணீரின் 1-ஐக் கழித்தது அது. மென்பொருள் தருவதோ தளத்தின் அடிப்பரப்பில் உள்ள நீரழுத்தம்; அதில் தளத்தின் கனமும் சேர்ந்தே இருக்கிறது. நம் புள்ளியில் மேலிருந்து 1.43 மீ, அடியில் 1.43-ம் 1.15-ம் சேர்ந்து 2.58 மீ. அடி அழுத்தத்தை 2.24-ஆல் வகுத்தால் 1.15 வரும், சரி. மேல் ஹெட்டை 2.24-ஆல் வகுத்தால் 0.64 வரும்; தளம் பிளந்துவிடும். இரண்டு வழக்கத்தையும் கலந்துவிட்ட ஒரு விரிதாள், பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

இப்போது லேனின் மூன்றில் ஒன்று. ஆறு கொண்டுவந்து படிய வைத்த மணல் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. கிடைமட்டமாகத் தண்ணீர் எளிதாக ஓடும், செங்குத்தாகச் சிரமப்படும். கிடைமட்டக் கடத்துதிறன் செங்குத்தைப் போல 9 மடங்கு என்றால் கணக்குக்கு 24 மீ தளம் 8 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. 9-ன் வர்க்கமூலம் 3, லேனின் மூன்றில் ஒன்றும் அதுவே. விளைவு: எக்ஸிட் கிரேடியன்ட் 0.169-லிருந்து 0.25, நான்கில் ஒன்று. பைல் உட்பக்க அழுத்தம் 57.6 சதவீதம், 2.30 மீ. தளத்தின் கனம் 1.86 மீ. சீரான மண் என்று வைத்துப் போட்ட 1.15 மீ தளம் எங்கே போய் நிற்கிறது பாருங்கள். சீப்/டபிள்யூவை வாங்குவதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்: அடுக்கு மண்ணையும் திசைக்குத் திசை மாறும் கடத்துதிறனையும் ஒரு எண்ணை மாற்றிப் பார்த்துவிடலாம்.

அந்த எண்ணிலேயே ஒரு பள்ளமும் இருக்கிறது. மென்பொருள் கேட்பது செங்குத்துக்கும் கிடைமட்டத்துக்கும் உள்ள விகிதம். கிடைமட்டம் 9 மடங்கு என்றால் 0.111 எழுத வேண்டும். 9 என்று எழுதிவிட்டால் தளம் 72 மீட்டராக நீண்டுவிட்டதைப் போலக் கணக்கு நடந்து, 4-ல் 1 வர வேண்டிய இடத்தில் 9.7-ல் 1 என்று காட்டும். எச்சரிக்கை எதுவும் வராது. அறிக்கையைச் சரிபார்ப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

கசிவின் அளவைப் பொறுத்தவரை சுருக்கமாக: சீரான மண்ணில் அழுத்தப் பரவல் கடத்துதிறனின் மதிப்பைப் பொறுத்ததே அல்ல, கசிவு மட்டும் அதற்கு நேர் விகிதத்தில் ஏறும். ஆய்வக அறிக்கை செ.மீ./விநாடியில் வரும், மென்பொருளில் மீ./விநாடி. மாற்றாமல் எழுதினால் கசிவு நூறு மடங்கு; ஆனால் அழுத்தக் கோடுகள் ஒரு இழைகூட நகராது, பிழை கண்ணில் படாது. கூடவே, மண்ணை எவ்வளவு ஆழத்துக்கு வரைந்தீர்களோ அதற்கேற்பக் கசிவும் கூடும். பாறை அல்லது களிமண் எங்கே தொடங்குகிறது என்று துளையிட்டுப் பார்க்காமல் கசிவை எழுதுவது பயனற்றது.

காவிரி டெல்டா போன்ற இடங்களில் மணலின் மேல் களிமண் போர்வை கிடந்தால் எக்ஸிட் கிரேடியன்ட் என்ற ஒற்றை எண் போதாது. கீழ்புறத்தில் 2 மீ களிமண், அதன் எடை கன மீட்டருக்கு 19 கிலோ நியூட்டன் என்றால், அதன் அடியில் 38 கிலோ பாஸ்கல் தாங்கும். அடிமணலில் டோட்டல் ஹெட் படுகைக்கு மேல் 1.87 மீ ஏறினாலே அந்தப் போர்வை மொத்தமாகத் தூக்கப்படும். நம் 4 மீ வேறுபாட்டில் அது 47 சதவீதம்தான். களிமண்ணின் அடிக்கோட்டில் அழுத்தத்தைப் படித்துப் பாருங்கள். மென்பொருளில் அந்தக் கோட்டைத் தேர்ந்தெடுத்து வரைபடம் எடுப்பது ஒரு நிமிட வேலை.

சீப்/டபிள்யூவுக்குத் தெரியாதவற்றையும் சொல்ல வேண்டும். அது மண்ணைத் தொடர்ச்சியான பொருளாக மட்டும் பார்க்கிறது. தளத்துக்கும் மணலுக்கும் இடையே விழுந்த வெற்றிடம், மணல் கழுவிப்போன பொந்து, இரண்டு பைல்களுக்கு நடுவே விட்டுப்போன இடைவெளி எதுவும் நீங்கள் வரைந்தால் ஒழிய இல்லை. தெலங்கானாவின் மேடிகட்டா கதவணையில் 2023 அக்டோபர் 21 அன்று 7-ஆம் பிளாக்கின் தூண்கள் இறங்கியபோது, அடிமணல் கழுவப்பட்டதையும் மேல்புறச் சீகன்ட் பைல்களையும் (ஒன்றோடொன்று பிணைந்து சுவராகும் கான்கிரீட் பைல்கள்) தேசிய அணை பாதுகாப்பு ஆணையக் குழுவின் அறிக்கை சுட்டியது. முழுமையான பைல் வரிசை என்று வரைந்த மாதிரி அத்தகைய நிலையை ஒருநாளும் காட்டாது. அதனால் மேல்பைலின் ஒரு பகுதியை வேண்டுமென்றே கசிய விட்டு ஒரு ஓட்டம் ஓட்டுங்கள். கீழ்புறப் படுகை அரிப்பில் ஒரு மீட்டர் இறங்கியதாக இன்னொன்று. ஒரே கோப்பில் பல பகுப்பாய்வுகளை வரிசையாக வைக்க முடிவதால் இதற்குப் பெரிய உழைப்பில்லை.

வெள்ளக் காலத்தில் தளத்தின் மேலே நீர்த்துள்ளல் (வேகமான ஓட்டம் திடீரென உயர்ந்து எழுவது) உருவாகும். துள்ளலின் பள்ளத்தில் மேலிருக்கும் தண்ணீர் குறைவு, அடியில் அழுத்தம் அதிகம். அந்த வித்தியாசம் கதவடைத்த நிலையைவிடப் பெரிதாக வரக்கூடும். இந்த மேல் நீர்க்கோட்டைத் தனியாகக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும், மென்பொருள் கேட்காது. கரைகளைச் சுற்றிக்கொண்டு போகும் தண்ணீரும் இரு பரிமாண வெட்டில் அகப்படாது. அகலம் குறைந்த ஓடைத் தடுப்பணையில் அதுவே முதல் எதிரி. முப்பரிமாணத்துக்கு சீப்3டி இருக்கிறது, தனி உரிமம்.

யாருக்கு இது வேண்டும்? ஒரே மணலில் 2 மீட்டர் உயரத் தடுப்பணை வடிவமைப்பவருக்கு வேண்டாம். கோஸ்லா சூத்திரங்களை ஒரு விரிதாளில் எழுதி வைத்தால் போதும், ஆண்டுச் சந்தா மிச்சம். அடுக்கு மண், பல பைல்கள், வடிகட்டி அடுக்கு, பழைய கட்டமைப்பின் மறுஆய்வு என்று வந்தால் கட்டாயம் எடுத்துக்கொள்ளலாம். பாறை மேல் நிற்கும் புவியீர்ப்பு அணைக்கு, வடிகால் துளை வரிசையில் நீர்மட்ட வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கு அழுத்தம் என்ற இந்தியத் தர விதியே முதல் கணக்கு. இங்கே மென்பொருள் துணைதான்.

இதன் மதிப்பு முழுதாகத் தெரிவது கட்டி முடித்த பிறகு, தளத்தில் பதித்த அழுத்தக் குழாய்களின் அளவோடு மாதிரியை ஒப்பிடும்போது. கீழ்ப் பைலுக்குச் சற்று முன்னால் இருக்கும் குழாய் மாதிரி சொன்னதைவிட அதிகமாகக் காட்டினால், கடத்துதிறன் விகிதத்தை முதலில் மாற்றிப் பாருங்கள்; பொருந்தாவிட்டால் மேல்பைல் கசிகிறதா, கீழ்புற வடிகட்டி அடைத்துக்கொண்டதா என்று பாருங்கள். குறைவாகக் காட்டினால் மகிழ வேண்டாம். கீழ்ப் பைலின் வழியே தண்ணீர் ஓடத் தொடங்கியிருக்கலாம். அப்போது தளத்தின் அடியில் அழுத்தம் இறங்கும், பைலுக்கு வெளியே கிரேடியன்ட் ஏறும். அன்றே கீழ்புறத்தில் இறங்கி மணற்கொதி (தண்ணீர் மணலோடு கொப்பளிப்பது) இருக்கிறதா, வெளிவரும் தண்ணீர் கலங்கலாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.